ஆறு மில்லிமீட்டர்

கொரட்டூரில் வேதமுத்துவின் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் கூடத்து அலமாரியைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதெல்லாம் இன்னாது?"

விமானம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பாததில் தப்பும் இல்லை. ஒன்றுக்கு இறக்கையே கிடையாது. உடம்பைச் சுற்றி ஒரு வளையம், அவ்வளவுதான், வாலை ஊன்றிக்கொண்டு நட்டுக்குத்தலாக நிற்கும். இன்னொன்றுக்கு உடம்பைப் போல ரெண்டு பங்கு நீளத்துக்கு ஒல்லியான இறக்கை. மற்றொன்று முன்னால் ஒரு இறக்கை, பின்னால் ஒரு இறக்கை என்று குட்டையாகக் குந்தியிருக்கும். அதற்கு பிரெஞ்சுக்காரர்களே வானத்துப் பேன் என்றுதான் பேர் வைத்திருந்தார்கள். இப்படிப் பதினொன்று. அத்தனையும் பிரான்ஸ் தேசத்தில் ஒரு காலத்தில் நிஜமாகவே பறந்தவை. அத்தனையும் வேதமுத்து தேக்கு மரத்தில் தன் கையால் இழைத்துச் செய்தவை.

"அழகா கீற பிளேனை எவன் வேணா செய்வான்," என்பார். "இத்தப் பாரு. இத்தப் பாத்து எத்தினி பேரு சிரிச்சிருப்பான்? சிரிக்கட்டும்னு வுட்டுட்டு ஏறி ஓட்டினாம்பாரு ஒருத்தன், அவந்தான் ஆம்பளை."

மனிதருக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருந்தது. ஆனால் கை இருக்கிறதே, அந்தக் கைக்கு நிதானம் அதிகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு அலுமினிய வார்ப்படத் தொழிற்சாலையில் இருபது வருஷமாக அவர் பேட்டர்ன் மேக்கர். பம்பு மூடியோ மோட்டார் உறையோ எது வார்க்க வேண்டுமானாலும் முதலில் அதை மரத்தில் செய்துவிட வேண்டும். அந்த மர மாதிரியை மண்ணில் வைத்து இடித்து, எடுத்துவிட்டால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உருகிய அலுமினியத்தை ஊற்றுவார்கள். மரத்தில் செய்வது வேதமுத்து. மண்ணில் பதித்து ஊற்றுவது கூட வேலை செய்கிற வேம்புலி.

இதில் ஒரு சங்கதி உண்டு. உருகிய அலுமினியம் ஆறும்போது சுருங்கும், நூறு மில்லிமீட்டருக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் கணக்கில். அதனால் மர மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் பொழுது விடிந்து பொழுது போய்விடும். அதற்கென்றே ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கிறது. பார்க்கச் சாதாரண ஸ்கேல்தான். ஆனால் அதன் ஒவ்வொரு கோடும் மயிரிழை தள்ளித் தள்ளி அடிக்கப்பட்டிருக்கும். சுருக்க ஸ்கேல் என்பார்கள். வேதமுத்துவிடம் இருந்த ரெண்டடி ஸ்கேல் அதுதான். இருபது வருஷமாகச் சாப்பாட்டுத் தூக்கோடு அதுவும் பையில் போகும், பையில் வரும்.

அலமாரியில் இருந்த பதினோரு விமானத்தையும் அவர் எந்த ஸ்கேலால் அளந்து செய்தார் என்று இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். அவருக்கு வரவில்லை. அதுதான் கதை.

எண்பத்திரண்டில் மூர் மார்க்கெட்டுக்கு ஒரு மரப்பட்டறைச் சாமான் வாங்கப் போனவர், பழைய புத்தகக் கடையில் சணல் போட்டுக் கட்டிவைத்திருந்த ஒரு கட்டைப் பார்த்தார். எல்லாம் பிரெஞ்சு விமானப் பத்திரிகைகள். பிரெஞ்சில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் உள்ளே பக்கத்துக்குப் பக்கம் வரைபடம்: முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம். வரைபடத்துக்கு என்ன பிரெஞ்சு, என்ன தமிழ்? நின்ற இடத்திலேயே படித்துவிட்டார். வாங்கப் போன சாமானை மறந்துவிட்டுக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி லூர்தம்மாள் தையல்காரி. ரயில் நிலையத்துக்கு இந்தப் பக்கம் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் அவள் கையால்தான். எண்பத்துநாலில் தையல் மெஷினுக்கு மேல்பலகை போய்விட்டது என்று டேப்பால் அளந்து சொன்னாள். வேதமுத்து அந்த அளவைத் தன் ஸ்கேலில் பிடித்து ஒரு பலகை அறுத்துவந்தார். பலகை உள்ளே போகவில்லை. ஒரு விரல் அகலம் முட்டிக்கொண்டு நின்றது.

"உன் டேப்பு தண்ணியில நனைஞ்சு சுருங்கிப் போச்சு," என்றார்.

"என் டேப்புல தெச்ச ஜாக்கெட்டு ஊருக்கே பத்துது. உன் ஸ்கேலைப் பாரு."

"இரும்பு சுருங்குமாடி?"

அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். கத்திக்கொண்டிருக்கிறவருக்கு எங்கே புரியும்! பலகையை இழைப்புளி போட்டுச் செருகிவிட்டு, ஆறு வருஷமாக அந்த டேப்பைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆவடியில் வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விமான மாதிரிக் கண்காட்சி நடக்கும். நடத்துகிற சங்கத்துக்குத் தலைவர் கலியமூர்த்தி. எங்கேயோ விமானப் பட்டறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் தொங்குகிற கண்ணாடி. எண்பத்தொன்பதில் வேதமுத்து முதல்முறையாகத் துணிந்து அந்த வளைய இறக்கை விமானத்தைக் கொண்டுபோனார். மண்டபத்தில் ரெண்டு மேசை. ஒன்றில் 'அளவு மாதிரிகள்' என்று அட்டை: சண்டை விமானங்கள், வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் பாகங்களை வாங்கி ஒட்டியவை, பளபளவென்று வண்ணம் பூசியவை. இன்னொன்றில் 'பொம்மைகள்' என்று அட்டை: சாவி கொடுத்தால் ஓடுவது, காகிதத்தில் மடித்தது. கலியமூர்த்தி வளைய இறக்கையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்படி ஒரு விமானமே கிடையாதே," என்று சொல்லிவிட்டு அதை எடுத்துப் பொம்மை மேசையில், ஒரு பிளாஸ்டிக் கிளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

ரெண்டு நாள் அது கிளிக்குப் பக்கத்திலேயே இருந்தது. வருகிறவர்களெல்லாம் அதைத் தூக்கிப் பார்த்துக் கிலுகிலுப்பையா என்று ஆட்டிப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் அந்த அளவு மாதிரி மேசையில் தன் விமானம் ஒன்று நிற்காவிட்டால் அலமாரியோடு எல்லாவற்றையும் அடுப்பில் வைத்துவிடுவேன் என்று லூர்தம்மாளிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. செய்துவிடுகிற ஆள் என்று அவளுக்குத் தெரியும்.

தொண்ணூறுக்கு அவர் எடுத்துக்கொண்டது லெதுக் என்கிறவர் வடிவமைத்த விமானம். பதினொன்றிலும் இதுதான் விசித்திரம். உடம்பு முழுக்க ஒரே குழாய். காற்று முன்னால் புகுந்து, உள்ளே எரிந்து, பின்னால் சீறும். ஓட்டுகிறவன் அந்தக் குழாயின் வாயிலேயே ஒரு கண்ணாடிக் கூம்புக்குள் கால் நீட்டிச் சாய்ந்திருப்பான். தானாகத் தரையிலிருந்து கிளம்ப முடியாது; இன்னொரு பெரிய விமானம் முதுகில் சுமந்துபோய் மேலே விட வேண்டும். லூர்தம்மாள் பார்த்த உடனே, "இன்னாயா இது, தண்ணி டிரம்முக்கு றெக்கை கட்டிக்கினு கீறே?" என்றாள். இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில், ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளும் சாயங்காலங்களுமாகச் செய்தார். பழக்க தோஷம், பேட்டர்ன் செய்கிற மாதிரியே மேல் பாதி, கீழ்ப் பாதி என்று ரெண்டாகப் பிளந்து, முளை வைத்துப் பொருத்தியிருந்தார்.

பதிவுக்குக் கடைசி நாட்கள் வியாழனும் சனியும். வியாழனன்று லீவு போட்டுவிட்டு, விமானத்தைப் பழைய புடவையில் சுற்றி, பத்திரிகையையும் அத்தாட்சிக்குக் கையில் பிடித்துக்கொண்டு ஆவடிக்குப் போனார். கலியமூர்த்தி பத்திரிகையைப் புரட்டினார். படத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். மறுக்க வழியில்லை.

"சரி. இப்படி ஒண்ணு இருந்திருக்கு. ஒத்துக்கறேன்," என்றார். "அளவு பார்த்துடலாம்."

இறக்கை நுனிக்கு நுனி ஸ்கேலை வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் வைத்தார்.

"படத்துப் பிரகாரம் நானூத்தி எண்பத்துமூணு மில்லி இருக்கணும். இது நானூத்தி எண்பத்தொன்பது. ஆறு மில்லி அதிகம். விதிப்படி ஒரு மில்லிக்கு மேல போகக் கூடாது."

"உங்க ஸ்கேலு தப்பு சார்."

"என்னது?"

"ஸ்கேலு தப்புன்றேன். இருபது வருஷமா இதே வேலை செய்யிறவன் நானு. இந்தாங்க, இத்த வெச்சுப் பாருங்க." பையிலிருந்து தன் இரும்பு ஸ்கேலை உருவினார். சும்மா இருந்திருக்கலாம். ஊர் பார்க்க நிரூபிக்க வேண்டுமே! கலியமூர்த்தியின் ஸ்கேலைப் பிடுங்கி மேசையில் வைத்து, தன்னுடையதை அதற்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் குனிந்து பார்த்தார்கள்.

ஆரம்பத்தில் கோட்டுக்குக் கோடு நேராக இருந்தது. பத்து சென்டிமீட்டரில் லேசாக விலகியது. இருபதில் கண்ணுக்கே தெரிந்தது. கடைசிக் கோட்டுக்கு வரும்போது ரெண்டுக்கும் நடுவில் அரை விரல் அகலம் விட்டுப்போயிருந்தது. வேதமுத்துவுக்குக் காது ரெண்டும் சுட்டது. சுருக்க ஸ்கேல். அடப் பாவி, சுருக்க ஸ்கேல்! தொழிற்சாலையில் கூட்டிப் பிடிக்க வேண்டிய அளவை வீட்டிலும் கூட்டிப் பிடித்திருக்கிறது அந்தக் கை. எட்டு வருஷம். பதினொரு விமானம். எல்லாமே தப்பு. தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது அவருக்கு.

"சொந்த ஸ்கேலே சரியில்லை," என்று யாரோ சொல்ல, சிரிப்பு கிளம்பியது. கலியமூர்த்தி சிரிக்கவில்லை, பெருந்தன்மையாகக் கையை நீட்டிக் காட்டினார். "பரவாயில்லை. வேலைப்பாடு நல்லா இருக்கு. அந்தப் பொம்மை மேசையில வெச்சிட்டுப் போங்க."

பொம்மை என்ற சொல் காதில் விழுந்ததும் வெட்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வேதமுத்து விமானத்தைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"பொம்மை இல்ல சார் இது. பேட்டர்னு. இன்னும் ஊத்தல, அவ்ளோதான். சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன், அப்போ அளந்துக்கோங்க."

வாய்தான் சொன்னது. என்ன சொன்னோம் என்று மனசுக்குப் புரிய, ரயில் அன்னனூர் தாண்ட வேண்டியிருந்தது. புரிந்ததும் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். மரத்தில் ஆறு மில்லி அதிகம் என்றால், அலுமினியத்தில் ஊற்றினால் அந்த ஆறு மில்லியும் தானாகச் சுருங்கிவிடுமே!

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் லூர்தம்மாளிடம் கொட்டினார். அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்போ என் டேப்பு?"

வேதமுத்து விமானத்தைச் சுற்றியிருந்த புடவையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஆறு வருஷம் திட்டுனியே, என் டேப்பு இன்னா பாவம் செஞ்சுது?"

"அத்த அப்புறம் பேசிக்கலாம் லூர்து."

"அப்புறம் பேசறேன், வுட மாட்டேன்," என்றவள் கழுத்திலிருந்த டேப்பை உருவி அவர் பையில் திணித்தாள். "இதால அள. அந்தப் பாழாப்போன ஸ்கேலைக் கையால தொடாதே. போயி அந்தாளு மூஞ்சியில கொண்டாந்து காட்டு."

வெள்ளிக்கிழமை காலையில் விஷயத்தைக் கேட்டதும் வேம்புலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானத்தைக் கையில் வாங்கி, ரெண்டு பாதியையும் பிரித்துப் பார்த்தான்.

"அண்ணாத்தே, நீ பொம்மை செய்யல. நமக்குத்தான் வேலை செஞ்சு வெச்சிருக்கே. அப்படியே மண்ணுல வெக்கலாம் போலக் கீது."

ஃபோர்மனிடம் ஒளித்து மறைத்தெல்லாம் கேட்கவில்லை. நேராகப் போய்ச் சொன்னார். ஷிப்டு முடிகிற நேரத்தில் மூசையில், அதாவது உருக்குகிற பானையில், மிஞ்சுகிற அலுமினியத்தை எப்படியும் கட்டியாகத்தான் ஊற்றிவைப்பார்கள். அதை இதில் ஊற்றிக்கொள்ளுங்கள், சரியாக வராததைத் திருப்பி உருக்கிவிடுங்கள் என்று ஃபோர்மன் சொல்லிவிட்டார். குழாயின் உள்துவாரத்துக்கு வேதமுத்து தனியாக மணல் கட்டை பிடித்துச் சூளையில் வாட்டினார். சாயங்காலம் வேம்புலி ஊற்றினான்.

மண்ணைத் தட்டி எடுத்துப் பார்த்தால் இடது இறக்கையில் நாலு விரற்கடை காணோம். உலோகம் நுனி வரைக்கும் ஓடாமல் பாதியிலேயே உறைந்துவிட்டது.

"றெக்கை மெல்லிசா கீது அண்ணாத்தே. போறதுக்குள்ள ஜில்லுனு ஆயிடுது," என்றான் வேம்புலி. "மரத்துல ரெண்டு மில்லி தடிமன் ஏத்து. கண்ணை மூடிக்கினு ஊத்திடுவேன்."

"ஏத்த மாட்டேன்."

"ரெண்டு மில்லி யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். ஆறு மில்லிக்குப் பட்டது போதும். படத்துல எவ்ளோ கீதோ அவ்ளோதான்."

வேம்புலி அவரை முறைத்தான். அவர் வேம்புலியை முறைத்தார். கடைசியில் வேம்புலிதான் தரையில் குந்தி, மண்ணில் விரலால் கோடு போட ஆரம்பித்தான். உடம்பு வழியாக மட்டும் ஊற்றாமல் ரெண்டு இறக்கை நுனிக்கும் தனித்தனி வழி வெட்டுவது. உலோகத்தை இன்னும் கொஞ்சம் சூடேற்றி, மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் பாயும்படி ஒரே மூச்சில் ஊற்றுவது. "இதுக்கும் வரலைன்னா என் மீசையை எடுத்துர்றேன்," என்றான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு ஊற்றினான். கை ஆடவில்லை, மூச்சு விட்டானா என்பதுகூடத் தெரியவில்லை. மண்ணை உடைத்தபோது ரெண்டு இறக்கையும் நுனி வரைக்கும் முழுசாக இருந்தது. வேம்புலி மீசையைத் தடவிக்கொண்டான். ஊற்றிய வழிகளை வெட்டி எறிந்து, அவசரம் தாங்காமல் வேதமுத்து சாக்குத்துணியால் பிடித்து டேப்பை வைத்தார்.

நானூற்று எண்பத்துநாலரை.

ஒன்றரை மில்லி அதிகம். மண்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சு வேம்புலி. ஸ்கேலும் போச்சு, கணக்கும் போச்சு."

"யோவ், இன்னா மனுசன்யா நீ! சாக்கு போட்டுப் பிடிச்சுக்கினு கீறே, சூடு தெரியல? ஆறட்டும்."

அட, ஆமாம். இருபது வருஷத் தொழில்காரர் சூட்டோடு அளந்திருக்கிறார்! வேம்புலி வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேதமுத்து குறுக்கே கையை நீட்டினார். தண்ணீரில் போட்டால் இறக்கை கோணிக்கொள்ளும். தானாக ஆறட்டும். ரெண்டு பேரும் அடுப்புப் பார்த்த பூனை மாதிரி அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இடையில் வேதமுத்து, கண்ணாடிக் கூம்புக்கென்று பிளாஸ்டிக்கில் தனியாகச் செய்திருந்த மூக்கைக் கடைசலில் கொடுத்து, சாதாரண ஸ்கேல் அளவுக்குச் சரியாகக் குறைத்தார். அதற்கு உலோகம் மாதிரிச் சுருங்கத் தெரியாது அல்லவா. மூன்றரை மணிக்கு வெறும் கையால் தொட முடிந்தது. அரம் போட்டு ஓரம் தேய்த்து, மூக்கைப் பொருத்தினார். டேப்பை வைத்தார்.

நானூற்று எண்பத்துமூன்று.

வேம்புலி பட்டறையே அதிர ஒரு விசில் அடித்தான்.

வேதமுத்துவும் வேம்புலியும் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறும்போது லூர்தம்மாள் கொரட்டூரிலிருந்து அதே வண்டியில் வந்துகொண்டிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். வேம்புலி சட்டையில் கரி அப்படியே இருந்தது. ஆவடி மண்டபத்தில் மேசைகளுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். வேதமுத்து சாக்கைப் பிரித்து விமானத்தைக் கலியமூர்த்தியின் எதிரில் வைத்தார். டொங் என்று சத்தம் கேட்டது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். வண்ணம் இல்லை, பளபளப்பு இல்லை, வெறும் வெள்ளை உலோகம்.

கலியமூர்த்தி அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளந்தார். உடம்பு நீளம், வால் உயரம், குழாயின் வாய், ஒவ்வொன்றாகப் பத்திரிகையைப் பார்த்துப் பார்த்து அளந்தார். எங்கேயும் ஒரு மில்லிகூட இடறவில்லை. கடைசியில் லூர்தம்மாள் முன்னால் வந்து, கணவன் பையிலிருந்த தன் டேப்பை எடுத்து நீட்டினாள்.

"இதாலயும் ஒரு தபா பாத்துடுங்க சார். இதுவும் கரெக்டா கீதுன்னு இவரு காதுல வுழறாப்ல சொல்லுங்க."

"சரியாத்தான் இருக்கு," என்றார் கலியமூர்த்தி. பிறகு ஸ்கேலைக் கீழே வைத்தார். அதிகாரியாக இருந்தவர் இல்லையா, அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. "ஆனா ஒண்ணு. அன்னைக்குக் கொண்டுவந்த மரம் அளவு தப்புதானே? அதை ஒத்துக்கணும் நீங்க."

வேதமுத்து டேப்பைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார்.

"ஒத்துக்கறேன் சார். ஸ்கேலைத் தப்பா எடுத்தேன். எட்டு வருஷம் தப்பா எடுத்தேன். இவ டேப்பைத் திட்டுனதும் தப்பு. என் தப்பு பூரா நானே சொல்லிட்டேன். பொம்மைன்னு சொன்னது யாரு தப்பு?"

கலியமூர்த்தியின் முகம் சிவந்தது. பிறகு விமானத்தை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் அளவு மாதிரி மேசையின் நடுவில், சண்டை விமானங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிவிட்டு, வைத்தார். ஒரு சின்ன அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"பேர்?"

"வேதமுத்து. பேட்டர்ன் மேக்கர். கீழ வேம்புலின்னு எழுதுங்க. ஊத்துனது அவன்."

"அட்டையில ஒரு பேருக்குத்தாங்க இடம் இருக்கு."

"சின்னதா எழுதுங்க சார்," என்றார் வேதமுத்து. "அளவுதான் உங்களுக்கு நல்லா தெரியுமே."